நெல், அரிசி, சோறு: பொங்கல் மேசைக்கு எந்தெந்தப் புத்தகங்கள்?

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு சின்ன வாசிகசாலை. தைப்பொங்கலை ஒட்டி 'அரிசி' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மேசை நிறையப் புத்தகம் வைக்க யோசனை. எல்லாம் விவசாயப் புத்தகமாகப் போய்விடாமல் எப்படித் தெரிவு செய்வது? எங்கே, எப்படித் தேடுவது?

பதில்:

விவசாய அலுமாரியில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்களில் 633.18 நெற்செய்கைக்கு உரியது. அந்தத் தட்டில் இருப்பவற்றை அப்படியே அள்ளி மேசையில் வைத்தால் கமக்காரர் பார்க்கமாட்டார், அவருக்கு அது தெரிந்த விஷயம், மற்றவர்களும் பார்க்கமாட்டார்கள். ஒரு வகுப்பெண்ணிலிருந்து இரண்டு நூலுக்கு மேல் எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அரிசிப் பொருளாதாரம் 338.17318, அரிசிச் சமையல் 641.6318, தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு வேறோர் அலுமாரி, சிறுவர் பகுதி வேறோர் அறை. இப்படி அலைந்தால்தான் மேசைக்குச் சுவை வரும். மொத்தம் பதினைந்து, மிஞ்சினால் இருபது நூல் போதும்.

தேடும்போது தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினிப் பட்டியலில் 'நெல்' என்று கொடுத்தால் நெல்லையும் நெல்லியும் வந்து குவியும். தேவையான 'நெற்செய்கை', 'நெற்பயிர்', 'நெற்களஞ்சியம்' ஒன்றும் வராது, புணர்ச்சியில் எழுத்து மாறிவிடுவதால். ஆகவே 'நெற்' என்று தனியாக ஒரு முறை தேடுங்கள். பிறகு கமம், வயல், உழவு, பள்ளு, சோறு. 'வேளாண்மை' என்றும் தேடவேண்டும். கிழக்கில் அது வயலில் நிற்கும் நெல்லையே குறிக்கும், இங்கு வந்த பல நூல்கள் அந்தப் பொருளிலேயே தலைப்பு வைத்திருக்கின்றன. ஆங்கிலப் பட்டியலில் 'ரைஸ்' ஒன்று மட்டும் போதாது, நெல்லைக் குறிக்கும் 'பாடி' (paddy) என்றும் தேடுங்கள். அச்சில் கிடைக்காத ஈழத்து நூல்களுக்கு 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பின் இணைய நூலகம் இருக்கிறது. ஆனால் திரையில் வாசிக்கக் கிடைப்பதெல்லாம் முழுதாக அச்செடுத்துக் கட்டி வைக்கலாம் என்று பொருளல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நிற்கும்.

இனி நூல்கள். முதல் நூலாக ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸை வையுங்கள், வேறு யோசனையே வேண்டாம். 1660இல் 'ஆன்' என்ற கப்பலோடு கொட்டியார்க் குடாவில் பிடிபட்டவர் அவர், அதாவது உங்கள் மூதூர்க் கரையில். இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டு இருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி, 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். எல்லாரும் அவரைக் கைதியாக மட்டுமே அறிவார்கள். முதற் பாகத்தில் நெல்லைப் பற்றி வரும் அத்தியாயத்தைத் திறந்து வையுங்கள். விளைய ஏழு மாதம், ஆறு, ஐந்து, நாலு, மூன்று மாதம் எடுக்கும் ஐந்து நெல்வகையைப் பெயர் சொல்லி எழுதுகிறார். ஏழு மாத நெல்லை 'மௌவி' என்கிறார். இன்றும் பெயர் வழங்கும் மாவீ அதுதான். வாய்க்கால் நீர் எத்தனை மாதம் நிற்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் எதை விதைப்பது என்று முடிவெடுக்கிறார்கள் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் இன்றைய விதைநெல் பொதிச் சீட்டு ஒன்றை ஒட்டுங்கள். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இனங்களின் இலக்கமே ஏறக்குறைய வயதைச் சொல்லும். பிஜி 300 மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை, பிஜி 403 நாலு. அம்பலாந்தோட்டையின் ஏடி 362வும் மூன்றரை. கந்தளாய்க் குளத்தின் கீழ் போகக் கூட்டம் வைத்து, தண்ணீர் திறக்கும் திகதியையும் எத்தனை மாத நெல் என்பதையும் மாடு வெளியேற்றும் நாளையும் தீர்மானிப்பது உங்கள் வாசகர்கள் பலருக்கு நேரில் தெரிந்த காரியம். நொக்ஸ் கண்டதும் இந்த ஏற்பாட்டைத்தான். மேசையில் அதிகம் பேர் நின்று பார்க்கப்போவது இந்த இரண்டு காகிதத்தையும்தான்.

அடுத்தது கந்தளாய். கோணேசர் கல்வெட்டு கவிராசவரோதயர் செய்ததாகச் சொல்லப்படுவது. பெயரில் கல்வெட்டு என்றாலும் அது கல்லில் வெட்டியதல்ல, ஏட்டில் வந்த நூல். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலைக் கட்டியதும், கோயில் நெல்லுக்காகக் குளமும் வயலும் அமைத்ததும், இன்னார் இன்ன தொழும்பு செய்யவேண்டும் என்று வகுத்ததும் அதில் வருகிறது. இதற்கு எதிரே ஆர். எல். புரோகியரின் பண்டைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய மூன்று பாக நூலை வையுங்கள். 1934, 1935இல் வந்தது. அவர் நில அளவைத் திணைக்களத்துக்காரர், குளம் என்றால் கட்டும் கலிங்கும் வாய்க்காலும் அவருக்கு. சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூலின் மரபு கந்தளாய்க் குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னனோடு சேர்க்கிறது. யார் கட்டினார் என்று தீர்ப்புச் சொல்லும் துண்டு எழுதி ஒட்டாதீர்கள். மூன்று மரபும் தத்தம் நூலில் என்ன சொல்கின்றன என்று மட்டும் எழுதுங்கள். வாசிகசாலைக்குள் வழக்கு வேண்டாம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கட்டு உடைந்த செய்தியுள்ள பத்திரிகை நறுக்கு கிடைத்தால் புரோகியர் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அதில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் வந்து பார்க்கக்கூடும், பிணப் படம் வேண்டாம்.

எட்மண்ட் லீச்சின் 'புல் எலிய' 1961இல் வந்த மானிடவியல் நூல், அனுராதபுரப் பக்கத்து ஒரு குளத்துக் கிராமம் பற்றியது. கடினமான நூல். முழுதும் யாரும் வாசிக்கப்போவதில்லை, அதனால் வயல் துண்டுகளின் வரைபடம் உள்ள பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். கட்டுக்கு அருகில் யாருக்குத் துண்டு, கடைவாய்க்காலில் யாருக்கு என்ற பங்கீடு கண்ணுக்கே தெரியும். தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் குளத்தை அண்டிய வயலை மட்டும் எல்லாரும் பங்கிட்டு விதைக்கும் பெத்ம முறை தெரிந்தவர் இந்தப் படத்தை ஒரு நிமிடத்தில் வாசித்துவிடுவார்.

தமிழ் இலக்கியத்தில் பள்ளு இல்லாமல் முடியாது. முக்கூடற் பள்ளு எல்லா நூலகத்திலும் இருக்கும். அதோடு ஈழத்துக் கதிரைமலைப் பள்ளையோ பறாளை விநாயகர் பள்ளையோ சேர்த்தால்தான் ஒப்பிட வசதி. நெல்வகைப் பெயர் அடுக்கி வரும் இடத்தைத் திறவுங்கள். அந்தப் பெயர்களில் எத்தனை இன்னும் விதைக்கப்படுகின்றன என்று பெரியவர்கள் விரலால் எண்ணத் தொடங்குவார்கள். ஒன்று கவனம்: பள்ளனையும் இரண்டு பள்ளியரையும் வைத்துப் பண்ணைக்காரன் முன்னால் நடக்கும் நகைச்சுவை சாதியின் மேல் நிற்பது. அதைச் சொல்லாமல் 'உழவர் வாழ்வின் இனிய சித்திரம்' என்று சீட்டு எழுதுவது பொய். அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' நாவலை வையுங்கள். 1968 கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றியது. அரைப் படி நெல் கூலி கூடக் கேட்டதற்கு என்ன நடந்தது என்று பள்ளு சொல்லாததை அது சொல்லும்.

பதாகையில் 'நெல்லும் உயிரன்றே' என்று எழுதும் ஆசை யாருக்காவது கட்டாயம் வரும். தடுத்துவிடுங்கள். புறநானூறு 186 சொல்வது நெல்லும் உயிரல்ல, நீரும் உயிரல்ல, மன்னனே உலகுக்கு உயிர் என்று. நெல் மேசைக்கு மேலே அதைத் தொங்கவிட்டால் தமிழாசிரியர் யாராவது வந்து சிரிப்பார். குறள் 1037 பொருத்தம்: ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. பெரும்போகத்துக்குப் புழுதி விதைப்புச் செய்யும் ஊரில் விளக்கமே தேவைப்படாது.

வெளிநாட்டு நாவல்களில் மூன்று போதும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'ரண்டிடங்ஙழி', 1948. குட்டநாட்டில் நெல்லளந்து கூலி வாங்கும் புலையர் கதை, தலைப்பே அந்த அளவைதான். கமலா மார்க்கண்டேயாவின் 'எ ஹாண்ட்ஃபுல் ஆஃப் ரைஸ்', 1966. வயலைத் தேடாதீர்கள், பட்டணத்துத் தையற்காரர் வீட்டுக்குள் அரிசி விலை புகுந்து என்ன செய்கிறது என்பது கதை. ஐலீன் சாங்கின் 'த ரைஸ் ஸ்ப்ரவுட் சாங்', 1955. நிலம் பங்கிட்டுக் கொடுத்த பிறகும் நெல் விளைவித்தவர்கள் கஞ்சித் தண்ணீர் குடிக்கும் சீனக் கிராமம். மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இதைத் தேர்வேன்.

வரலாற்றில் ஜூடித் கார்னியின் 'பிளாக் ரைஸ்', 2001. தென் கரோலினாவின் நெற்செய்கை மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் அறிவில் எழுந்தது என்பது அவர் வாதம். 2007இல் வேறு வரலாற்றாசிரியர்கள் கப்பல் பதிவுகளைக் காட்டி அதை மறுத்தார்கள், சண்டை நீண்டது. உங்கள் வாசகருக்கு அந்தச் சண்டையை விட அங்கே நெல் புடைத்த தட்டைப் பற்றிய பகுதிதான் பிடிக்கும். நம்முடைய சுளகின் வேலைதான், ஆனால் வட்டம், புல்லைச் சுருட்டிப் பின்னியது. எமிகோ ஓனுகி-டியர்னியின் 'ரைஸ் ஆஸ் செல்ஃப்', 1993, ஜப்பானியரில் பெரும்பகுதிக்கு நீண்டகாலம் நாளாந்த உணவாக இல்லாத அரிசி எப்படி அவர்களின் அடையாளமானது என்று கேட்கிறது. அமர்த்தியா சென்னின் பஞ்சம் பற்றிய 1981ஆம் ஆண்டு நூலில் 1943 வங்காளப் பஞ்ச அத்தியாயம் மட்டும்.

புத்தகம் என்றால் அச்சு நூல்தான் என்றில்லை. பழைய அரிசிக் கூப்பன் புத்தகம் ஒன்று ஊரில் யார் பெட்டியிலாவது இருக்கும். யுத்த காலத்தில், 1942இல் தொடங்கிய பங்கீடு அது. 1979இல் உணவு முத்திரை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பக்கத்தில் ஒரு சீட்டு: 1952இல் சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம், 1953இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதும் ஓகஸ்ட் 12 ஹர்த்தாலும். கூப்பனை லமினேற் பண்ணவே வேண்டாம், சூட்டில் ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது. பசைநாடாவும் கூடாது, சில ஆண்டில் பழுப்பேறிக் காகிதத்தைத் தின்றுவிடும். பொலியெஸ்டர் உறைக்குள் தளர்வாகச் செருகி, உரிமையாளர் கையொப்பத்தோடு வரவு வைத்து, முடிந்ததும் அவர் கையிலேயே கொடுங்கள்.

சிறுவர் பக்கத்துக்கு டெமியின் 'வன் கிரெயின் ஆஃப் ரைஸ்', 1997. முதல்நாள் ஒரு அரிசி, மறுநாள் இரண்டு, பிறகு நாலு என்று முப்பது நாள் இரட்டிக்கும் கதை. கூட்டினால் 107,37,41,823 அரிசி. ஆயிரம் அரிசி சுமார் 20 கிராம் என்று வைத்தால் இருபத்தொரு தொன்னைத் தாண்டும். 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 430. பிள்ளைகளிடம் தராசையும் ஒரு பிடி அரிசியையும் கொடுத்து நூறு அரிசியை எண்ணி நிறுக்கச் சொல்லுங்கள். கீரிச்சம்பாவுக்கும் நாட்டரிசிக்கும் விடை வேறுவேறாக வரும், அங்கேதான் கேள்வி தொடங்கும். வீட்டுத் தராசு கிராமுக்குக் கீழே காட்டாது, நகைத் தராசு இரவல் வாங்குங்கள். சமையலுக்கு ஒரே நூல் போதும், எஸ். எச். பெர்னாண்டோவின் 'ரைஸ் அண்ட் கறி', 2011.

மேசையில் நெற்கதிர்க் கட்டு வைப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் அலங்காரம். அந்துப்பூச்சி பறக்கும், அதைவிட எலி வரும்; எலி நெல்லோடு நிற்காது, புத்தகத்தின் பசை தடவிய முதுகையும் கொறிக்கும். நெல் காட்டியே ஆகவேண்டும் என்றால் நன்றாகக் காய்ந்த நெல்லைக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, உறைகுளிர் பெட்டியில் நாலைந்து நாள் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், உள்ளே ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். தை மாதம் வாடைக்காற்றின் கடைசி. திறந்து வைத்த தாள் இரண்டு நாளில் அலையலையாக வளைந்துவிடும். பழைய நூலை இரவில் மூடிவையுங்கள், காலையில் திறக்கும்போது வேறு பக்கத்தைத் திறவுங்கள். கடற்பக்க யன்னலுக்கு நேரே மேசை போடவேண்டாம்.

ஒவ்வொரு நூலுக்கும் சீட்டு ஆறு வரிக்கு மேல் போகக்கூடாது: நூல், ஆண்டு, எந்தப் பக்கத்தைப் பார்ப்பது, அந்தப் பக்கத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு. கடைசி வரி எழுத முடியாத நூலை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு. ஆங்கிலத் தேடலில் நெல்லோடு தொடர்பில்லாத 'ரைஸ்'கள் நிறைய வரும்: இரத்தக் காட்டேரி நாவல் எழுதிய ஆன் ரைஸ், அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த கொண்டலீசா ரைஸ். அவற்றில் ஒன்றைச் சீட்டே இல்லாமல் கடைசியில் வைக்கலாம். என் தெரிவு 1914இல் நூலாக வந்த டார்சன். எழுதியவர் எட்கர் ரைஸ் பரோஸ். சொல்லாமலே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.