மீன்கூடைப் பரிசு

அன்புள்ள அக்கா,

போன வாரம் லாங் பீச்சில் நிறுத்தி வைத்திருக்கும் குயின் மேரி கப்பலில் குடும்பத்தோடு ஒரு ராத்திரி தங்கினோம். பி340 என்ற அறையில் பேய் உண்டாம், பழைய நீச்சல்குளத்தில் ஈரக் காலடித்தடம் தெரியுமாம். என் மகள் பள்ளி கோல்ஃப் அணியில் ஆடுகிறாள். கோல்ஃப் ஆடிய ஸ்காட்லாந்து ராணி மேரியின் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்தார்கள் என்று அவளிடம் சொன்னேன். 'கனவான்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை' என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள்தானே கோல்ஃப்? அப்படிப்பட்ட ஆட்டத்துக்குள் பெண்கள் எப்படி நுழைந்தார்கள்? நீங்கள் பேயை நம்புகிறீர்களா?

கே., கலிஃபோர்னியா

அன்புள்ள தம்பி கே.,

மகள் கோல்ஃப் ஆடுகிறாள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்களைத்தான் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

கப்பலின் பெயர் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி மேரியுடையது. 1934 செப்டம்பரில் கிளைட்பாங்க் கட்டுமானத் தளத்துக்கு அவரே வந்து கப்பலைத் தண்ணீரில் இறக்கிவைத்தார். நீங்கள் சொல்லும் ஸ்காட்லாந்து மேரி 1587-இலேயே தலை வெட்டப்பட்டுச் செத்தவர். சரி, பெயர்க்குழப்பம் யாருக்கும் வரும், விடுங்கள். பேயை நம்புகிறேனா என்ற கேள்வியையும் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த முதலெழுத்துக் கதையை விட மாட்டேன்.

யாரோ கட்டிவிட்ட கதை அது. 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. வில்வித்தை பழக வேண்டியவர்கள் பந்தடித்துத் திரிகிறார்கள் என்பதுதான் காரணம். அந்தச் சட்டத்திலேயே கோல்ஃப் என்ற சொல் இருக்கிறது. முதலெழுத்துகளைக் கோத்துப் பெயர் வைக்கும் பழக்கமெல்லாம் அதற்குப் பல நூறு வருஷம் கழித்து வந்தது. 'இருந்துவிட்டுப் போகட்டுமே அக்கா, பெண்களை ஒதுக்கியதைத்தானே சொல்கிறது' என்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெயரிலேயே தடை இருந்தது என்று மகளிடம் சொல்லிவிட்டால், மசல்பர்க் மீன்காரிகளை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

எடின்பரோ பக்கத்தில் கடலோர ஊர் மசல்பர்க். அங்கத்து மீன்காரப் பெண்கள் விடுமுறை நாட்களில் கோல்ஃப் ஆடினார்கள் என்று அலெக்ஸாண்டர் கார்லைல் என்ற பாதிரியார் 1790-களிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் கால்பந்தும் ஆடுவார்கள், கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம், ஜெயிப்பது எப்போதும் கல்யாணமானவர்கள்தானாம். அவர்களில் மூன்று பேர் ஆளுக்கு 200 பவுண்டு ஹெர்ரிங் மீனை முதுகில் சுமந்துகொண்டு டன்பாரிலிருந்து எடின்பரோவுக்கு 27 மைல் தூரத்தை 5 மணி நேரத்தில் கடந்தார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. 200 பவுண்டு என்றால் 90 கிலோ! 1810 டிசம்பரில் மசல்பர்க் கோல்ஃப் கிளப், புத்தாண்டன்று நன்றாக ஆடும் பெண்ணுக்குப் பரிசு என்று தன் குறிப்பேட்டில் எழுதியது. என்ன பரிசு தெரியுமா? ஒரு புது மீன்கூடை. கூடவே பட்டுக் கைக்குட்டைகள். வெள்ளிக்கோப்பை கொடுத்திருந்தால் அலமாரியில் தூங்கியிருக்கும். கூடையென்றால் மறுநாள் காலையிலேயே முதுகில் ஏறியிருக்கும்.

கிளப் கதவுகள் பெண்களுக்குச் சாத்திக் கிடந்தது உண்மை, மறுக்கவில்லை. தோளுக்கு மேல் மட்டையை ஓங்கினால் பெண்ணுக்கு அழகில்லை என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பெரிய கிளப் 2014-இல்தான் பெண்களைச் சேர்க்க வாக்களித்தது, மியூர்ஃபீல்டு கிளப் 2017-இல். இதையெல்லாம் செய்தவர்கள் மனிதர்கள். கூட்டம் போட்டு, கைதூக்கி, எழுதி வைத்துச் செய்தார்கள். பழியைச் சொல்லின் மேல் போட்டால் அவர்கள் தப்பித்துவிடுகிறார்கள், மீன்காரிகளும் காணாமல் போகிறார்கள்.

எங்கள் ஊரில் தோப்புக் கிணறு ஒன்று உண்டு. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே, மோகினி அடிச்சிடும் என்பார்கள். பத்து வயது வரை கண்ணை மூடிக்கொண்டுதான் அதைத் தாண்டி ஓடுவேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே ஆச்சி சொன்னாள்: அவ என்கூட நாத்து நட்டவடி, முன்பல்லு கொஞ்சம் உடைஞ்சிருக்கும், அவ குலவை போட்டா அடுத்த வயலுக்குக் கேக்கும். கூலி நெல்லை அளந்ததில் குறைகிறது என்று கேட்டதற்காகக் களத்தில் வைத்து அடித்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கிணற்றில் விழுந்துவிட்டாள். ஊருக்கு மோகினி வசதியாக இருந்தது. மோகினி என்று சொல்லிவிட்டால் யார் அடித்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா? ஆச்சி ஆய்ந்து போட்ட தண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை.

நீங்கள் தங்கிய கப்பலைப் பற்றியும் இதைத்தான் நினைக்கிறேன். 1942 அக்டோபர் 2, அயர்லாந்துக்கு வடக்கே. சாம்பல் வண்ணம் பூசிய குயின் மேரி ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படைவீரர்களோடு வளைந்து வளைந்து வேகமாகப் போகிறது. காவலுக்கு வந்த கியூரசோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதன் குறுக்கே வர, குயின் மேரியின் முகப்பு அந்தப் போர்க்கப்பலின் நடுவில் ஏறி இரண்டாகப் பிளந்துவிட்டது. நீர்மூழ்கிகளுக்குப் பயந்து எதற்காகவும் நிற்கக் கூடாது என்பது உத்தரவு. நிற்கவில்லை. பின்னால் வந்த கப்பல்கள் மீட்டது சுமார் 100 பேரை. 330-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். போர் முடியும்வரை செய்தி வெளியே வரவில்லை. அப்புறம் யார் மீது தவறு என்று வழக்கு நடந்தது, கடற்படை மீது மூன்றில் இரண்டு பங்கு, கப்பல் கம்பெனி மீது ஒரு பங்கு என்று முடிந்தது.

அந்த முகப்பின் மேல்தளத்தில் நின்று மகளோடு படம் எடுத்திருப்பீர்கள். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை, தம்பி. பி340 இருக்கிறது, ஈரக் காலடி இருக்கிறது. கரை ஒதுங்கிய சிலரை ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவில் புதைத்திருக்கிறார்கள். இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் அந்தப் போரில் எத்தனை கப்பல்களில் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

லாங் பீச் உங்களுக்குக் கிட்டத்தானே, இன்னொரு தடவை போங்கள். பகலில் போங்கள். முகப்பில் நின்று மகளிடம் கியூரசோவின் கதையைச் சொல்லுங்கள். மீன்காரிகளின் கதையைக் காரில் திரும்பி வரும்போது சொல்லலாம். அவள் தோளில் தூக்கிப் போகும் கோல்ஃப் பை எத்தனை பவுண்டு இருக்கும் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா