வெட்டிய சுருள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா கிருஷ்ணகிரியில் பஸ் பணிமனை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தவர். 1974 முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சோழவரம் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குத் தவறாமல் போய், தன் ஜெனித் கேமராவில் படம் எடுத்துவந்தார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பரணில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நெகட்டிவ்கள் கிடைத்தன. பெரும்பாலும் கலங்கல். சிலவற்றில் வண்டியே இல்லை, வெறும் தரைதான். தேறிய நாற்பது படங்களை மட்டும் தனித்தனியாக வெட்டி ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறேன். இன்றைய மென்பொருளால் கலங்கிய முகங்களைத் தெளிவாக்க முடியுமா? ஓட்டியவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? புத்தகமாகப் போடலாமா?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பி,

‘தனித்தனியாக வெட்டி’ என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குப் பகீரென்றது. கடிதத்தை மூடி வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

இதையே சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் எருதுவிடும் விழாவுக்குப் போன என் தங்கை மகன், போனில் எண்ணூறு படங்கள் எடுத்தான். ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே பதினைந்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டான். “நல்லது மட்டும் போதும் மாமா” என்றான். அவனிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்விகள். மென்பொருள் முகத்தைத் தெளிவாக்காது. பிலிமில் பதியாத முகத்தை அதுவாக வரைந்து வைக்கும். அது யாரோ ஒருவனுடைய மூக்கும் கண்ணும். வேண்டாம். ஓட்டியவர் யார் என்பதை வண்டி எண்ணையும் அந்த ஆண்டின் பத்திரிகைகளையும் வைத்துத் தேடலாம். புத்தகம் பற்றிப் பிறகு பார்ப்போம்.

கலங்கல் என்று எதைச் சொல்கிறீர்கள்? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும். கேமராவுக்குள் ஒளியை விடும் கதவுதான் ஷட்டர். உங்கள் அப்பாவின் ஜெனித்தில் அது மிக வேகமாகத் திறந்து மூடினாலும் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஆகும். அதற்குள்ளேயே வண்டி இரண்டு அங்குலம் நகர்ந்திருக்கும். அறுபதில் ஒரு பங்கில் வைத்தால் ஒன்றரை அடி. எனவே வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் இடுப்பிலிருந்து திருப்ப வேண்டும். திருப்பல் சரியாக அமைந்தால் ஓட்டுபவன் தெளிவாக நிற்பான், பின்னால் இருக்கும் கூட்டம் கோடு கோடாக ஓடும். அமையாவிட்டால் எல்லாமே கோடு.

வெறும் தரைக்கும் காரணம் உண்டு. கண்ணால் பார்த்து விரல் அழுத்துவதற்குள் நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது போய்விடும். அதற்குள் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். வண்டி வந்துவிட்டது என்று பார்த்து அழுத்தியவனுக்குத் தரைதான் கிடைக்கும். வருவதற்கு முன்பே, ஓசையை வைத்து அழுத்தப் பழக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க அன்றைக்குக் கிருஷ்ணகிரியில் யார் இருந்தார்கள்? அவரே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டது எங்கே இருக்கிறது தெரியுமா? நீங்கள் வெட்டிய சுருளில்.

பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். சிறிய எண்கள் ஓடும். இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நான்காம் எண்ணில் வெறும் தரை. ஐந்தில் பின்சக்கரம் மட்டும். ஆறில் பாதி வண்டி. ஏழில் முழு வண்டி, ஆனால் கலங்கல். எட்டில் அவனும் வண்டியும் வளைவில் சாய்ந்து தெளிவாக நிற்கிறார்கள். நீங்கள் எட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, தேறியது என்கிறீர்கள். நான்கிலிருந்து எட்டு வரை உங்கள் அப்பா வெயிலில் நின்று தன் விரலைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அதைத் துண்டாக்க எப்படி மனம் வந்தது? கத்தரிக்கோலை எடுக்குமுன் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டிருக்கக் கூடாதா?

சோழவரத்துக்கு நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தருமபுரியில் இரவு பஸ் ஏறி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தூங்கி விழித்து, விடிந்தபின் சென்னையில் இறங்கி, செங்குன்றம் தாண்டிப் போக வேண்டும். பந்தய வண்டிகளின் புகையில் ஆமணக்கெண்ணெய் வாடை வரும். அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கில் செய்த எண்ணெயை ஊற்றுவார்கள். கண்ணை மூடினால் எங்கள் பாட்டி கொட்டைமுத்து காய்ச்சும் அடுப்படிதான். 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்துவிட்டது. எனக்கு அதில் ஈடுபாடு வரவில்லை.

நான் கேமரா பிடித்தவன் இல்லை, கழுவியவன். 1979இல் எனக்குப் பதினேழு வயது. தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலை. பந்தயத்துக்குப் போய்வந்தவர்கள் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, ஊட்டியில் தயாரான இந்து என்று பிலிம்களைக் கொண்டுவருவார்கள். ஆனால் மாசியில் எடுத்த பந்தயம் சித்திரையில்தான் எங்களிடம் வரும். காரணம் சிக்கனம். 36 படச் சுருளில் முப்பதைப் பந்தயத்தில் எடுத்துவிட்டு, மிச்சம் ஆறை வீட்டுக்கென்று வைத்திருப்பார்கள். காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, புதிதாக வாங்கிய கன்று. அது முடிந்தால்தான் சுருள் கழுவ வரும்.

அப்படி ஒரு சித்திரை இரவில், பாலக்கோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவரின் சுருள் என் கைக்கு வந்தது. பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். அன்று ஐஸ் கிடைக்கவில்லை. சிமெண்ட் தொட்டித் தண்ணீர் தொட்டாலே சுட்டது. பரவாயில்லை என்று அதிலேயே கரைத்து ஊற்றினேன். கழுவி முடித்து, ஈரப் பிலிமை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து நீரை வழித்தேன். பாலாடை போலப் படம் அப்படியே என் விரலில் சுருண்டு வந்துவிட்டது. கையில் நின்றது கண்ணாடி மாதிரி வெறும் பிலிம்.

மறுநாள் அவர் வந்தபோது உண்மையைச் சொன்னேன். பந்தயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “கடைசி நாலு படமாவது நிற்கிறதா?” என்றார். அவர்கள் கிணற்றில் ஊற்றுக்கண் திறந்த அன்று, அவருடைய அப்பா முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்ற படங்கள் அவை. இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டும் என்னிடமே கழுவக் கொடுத்தார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

இதற்காகத்தான் உங்களைத் திட்டுகிறேன், தம்பி. உங்கள் வீட்டுச் சுருள்களின் கடைசிக் கட்டங்களைப் பார்த்தீர்களா? பந்தயம் இல்லை என்று ஒதுக்கியிருப்பீர்கள். நீங்கள் குழந்தையாக அதில் உட்கார்ந்திருக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியது இது. டப்பாவைத் திறந்ததும் காடி போலப் புளித்த வாடை வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாடையுள்ளவற்றைப் பிரித்து வையுங்கள், மற்றவற்றுக்கும் பரவும். பரணில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்குத் தகரம் அடுப்பு மாதிரி. வெட்டிய நாற்பதையும் ஓர எண்ணைப் பார்த்து அவற்றின் பழைய இடத்தில் சேருங்கள். ஓரத்தைப் பிடியுங்கள், படத்தில் விரல் படக்கூடாது. ஒரு சுருளுக்கு ஒரு காகித உறை. உறையின்மேல், பிலிமை உள்ளே போடுவதற்கு முன்பே, தெரிந்த ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதுங்கள். உங்கள் அம்மா இருக்கிறார்கள் என்றால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

முப்பதாம் எண்ணுக்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். புத்தகத்தைப் பற்றி அதன்பிறகு பேசுவோம்.