டவர் வேலை குறைந்தால் அம்பத்தூரில் ஏன் மெஷின் நிற்கிறது?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 பேர் வேலை செய்யும் யூனிட் வைத்திருக்கிறேன். 5ஜி ரேடியோ பெட்டிக்கான அலுமினிய ஹீட் சிங்க்கை (சூட்டை வெளியேற்றும், துடுப்பு வைத்த உறை) மெஷினிங் செய்து ஒரே ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம். 2023-இல் மூன்று ஷிப்ட் ஓடியது. அதை நம்பிக் கடன் வாங்கி இரண்டு வி.எம்.சி. மெஷின் (கணினி இயக்கும் மில்லிங் மெஷின்) போட்டேன். பிறகு ஷெட்யூல் குறைந்துகொண்டே வந்து, ஒரு மாதம் ஒரு பீஸ்கூடக் கேட்கவில்லை. இப்போது கொஞ்சம் வருகிறது. "அடுத்த குவார்ட்டர் பழையபடி ஆகிவிடும்" என்கிறார் பர்ச்சேஸ் மேனேஜர். 2014-இல் நோக்கியா மூடியதுபோல் ஆகிவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: ஆர்டர் வரும், ஆனால் 2023-இல் வந்த அளவுக்கு வராது. அந்த வருடத்தை வைத்து நீங்கள் போட்டிருக்கும் கணக்கு எதுவாக இருந்தாலும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

முதலில் வீட்டில் இருக்கும் பயத்தைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் மூடப்பட்டது செல்போன் ஆலை. வரி வழக்கில் அந்த ஆலை முடக்கப்பட்டிருந்தது. அதனால் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, இந்த ஆலையைச் சேர்த்துக் கொடுக்க முடியாமல் போனது. உங்கள் பிரச்சினை அந்த வகை இல்லை. உங்கள் பொருளுக்குத் தேவை இருக்கிறது, வாங்கும் வேகம்தான் இறங்கியிருக்கிறது.

ஏன் இறங்கியது? 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் நம் நாட்டு நிறுவனங்கள் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தன. அக்டோபரில் 5ஜி தொடங்கியது. அடுத்த ஒன்றேகால் வருடத்தில் ஜியோவும் ஏர்டெலும் நாடு முழுக்கப் பெட்டிகளை மாட்டித் தீர்த்தார்கள். 2024 முடிவதற்குள் 5ஜி பேஸ் ஸ்டேஷன்கள் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பல நாடுகள் நிதானமாகச் செய்யும் வேலை இது. மாட்டி முடித்த பிறகு மறுபடி வாங்க அவர்களுக்கு அவசரம் இல்லை. 5ஜிக்கென்று வாடிக்கையாளர் தனியாகப் பணம் தரவும் இல்லை. 4ஜி பிளானிலேயே சேர்த்துத்தான் கொடுத்தார்கள். 2024 ஜூலையில்தான் கட்டணத்தை உயர்த்தினார்கள். அந்தப் பணமும் நேராகப் புது டவருக்குப் போய்விடாது. கடனை அடைக்க வேண்டியிருக்கிறது.

போன் தொழிலை விற்ற பிறகும் டவர் கருவிகளைச் செய்யும் நோக்கியாவின் இந்திய விற்பனை 2023 முதல் காலாண்டில் முந்தைய ஆண்டைவிட நான்கு மடங்கானது. ஒரே வருடம் கழித்து, 2024-இன் அதே காலாண்டில், அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அமெரிக்காவில் இதற்கு முன்பே வாங்குவது குறைந்திருந்தது. 2023 அக்டோபரில் 14,000 பேர் வரை வேலையிலிருந்து குறைப்போம் என்று நோக்கியா அறிவித்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். இன்னொரு கருவித் தயாரிப்பாளரான எரிக்சன் அதே ஆண்டு பிப்ரவரியில் 8,500 பேரைக் குறைப்பதாக அறிவித்திருந்தது.

இனி உங்கள் ஷெட்டுக்கு வருவோம். "டெலிகாம் நிறுவனம் வாங்குவது 40 சதவீதம் குறைந்தால் எனக்கும் 40 சதவீதம்தானே குறைய வேண்டும், ஏன் பூஜ்யம் ஆனது?" என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

டெலிகாம் நிறுவனம் மாதம் 1,000 பெட்டி வாங்குகிறது. கருவி தயாரிப்பாளர் எப்போதும் இரண்டு மாதச் சரக்கை, அதாவது 2,000 பெட்டியைக் கையில் வைத்திருக்கிறார். திடீரென்று வாங்குவது 600 ஆகிறது. இப்போது இரண்டு மாதச் சரக்கு என்றால் 1,200 போதும். முதல் மாதம் 600 வெளியே போனபின் கையில் 1,400 நிற்கிறது. அதுவே அதிகம். எனவே உங்களுக்கு ஆர்டர் பூஜ்யம். இரண்டாம் மாதம் இன்னொரு 600 போனதும் 800 மிஞ்சுகிறது. 1,200 வேண்டும் என்பதால் 400 கேட்பார். மூன்றாம் மாதத்திலிருந்து 600.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் இருக்கிறது. பூஜ்யம் வந்த மாதத்தில் தொழிலே முடிந்தது என்று மெஷினை விற்றிருந்தால் தவறு. 400, 600 என்று ஏறுவதைப் பார்த்து "அடுத்து 1,000தான்" என்று ஆட்களை எடுத்தால் அது இன்னும் பெரிய தவறு. உங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் பொய் சொல்லவில்லை. அவர் பார்ப்பது ஏறும் கோட்டை மட்டும். அந்தக் கோடு 600-இல் படுத்துவிடும்.

நானும் பல வருடம் கொள்முதல் மேஜையில் உட்கார்ந்தவன். ஃபோர்காஸ்ட் தாள், அதாவது வரும் மாதங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்ற மதிப்பீடு, எப்படித் தயாராகும் என்று எனக்குத் தெரியும். சரக்கு தட்டுப்பாடு வந்துவிடக் கூடாது என்று விற்பனைப் பிரிவு பத்து சேர்க்கும், பிளானிங் இன்னொரு பத்து சேர்க்கும், நான் பத்து சேர்ப்பேன். கடைசியில் அந்த எண்ணை நம்பி ஒரு சப்ளையர் வார்ப்புகளை வாங்கி அடுக்கிவிட்டார். அவருடைய குடோனில் ஹீட் சிங்க்குகள் தகடு தகடாக, இடையில் அட்டை வைத்து, கூரை வரை நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த வடிவத் துடுப்புகள் அந்த ஒரு பெட்டிக்குத்தான் பொருந்தும். அலுமினிய விலைக்குத்தான் எடைபோட முடிந்தது. எங்கள் கையெழுத்து அந்த ஃபோர்காஸ்டில் இல்லை, பி.ஓ.வும் (பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லை.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: ஃபோர்காஸ்டை நம்பி நீங்கள் வாங்கி வைத்திருக்கும் வார்ப்பு, முடித்த பீஸ், பாதி முடித்த பீஸ் மூன்றையும் எண்ணி, பார்ட் நம்பர் போட்டு, இவற்றுக்கு யார் பொறுப்பு என்று மெயிலில் கேளுங்கள். போனில் பேசாதீர்கள். இனி பி.ஓ. இல்லாத எண்ணுக்கு ஒரு கிலோகூட வாங்க வேண்டாம்.

பாக்கிப் பணம் நிற்கிறதா? சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவில் நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். தாமதித்து, நிதியாண்டு முடிந்த பிறகே தந்தால், அந்தத் தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இந்த விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சண்டை வேண்டாம் என்று நினைத்தால் டிரெட்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் பில்லை ஏற்றி முன்கூட்டியே பணமாக்கலாம். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்பதால், உங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் அங்கே இருப்பார்.

கடன் தவணை தவறும் முன்பே வங்கி மேலாளரைப் பாருங்கள். தவணை தவறி 30 நாள் தாண்டினால் கணக்கு ஒரு படி கீழே போகும், 90 நாள் தாண்டினால் வாராக் கடன். தவறும் முன்பே நீங்களாகப் போய் மேலே போட்ட தாள் கணக்கைக் காட்டினால், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிப்பது பற்றிப் பேச முடியும். 91-ஆம் நாள் பேச்சே வேறு.

இனி யார் வாங்குவார்கள் என்று பர்ச்சேஸ் மேனேஜரைக் கேட்பதைவிட, டெலிகாம் நிறுவனங்கள் காலாண்டு முடிவோடு சொல்லும் மூலதனச் செலவைப் படியுங்கள். வோடஃபோன் ஐடியா 2024 செப்டம்பரில் நோக்கியா, எரிக்சன், சாம்சங் மூன்றுக்கும் சேர்த்து சுமார் 30,000 கோடி ரூபாய்க்கு மூன்றாண்டு ஒப்பந்தம் அறிவித்தது. உங்கள் பெட்டி அந்த ஒப்பந்தத்தில் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரே வாடிக்கையாளரை நம்புவது என்னவாகும் என்பதற்குப் பெரிய அளவிலேயே உதாரணம் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். 4ஜி வேலையால், டெலிகாம் கருவி செய்யும் தேஜஸ் நெட்வொர்க்ஸ் 2024-25-இல் சுமார் 8,900 கோடி விற்றது. அந்த வேலை முடியும் தறுவாயில், அடுத்த ஆண்டின் முதல் காலாண்டு விற்பனை 202 கோடி.

உங்கள் மெஷினுக்கு டெலிகாம் என்று பெயர் எழுதியிருக்கவில்லை. துடுப்பு வைத்த அலுமினிய உறை சோலார் இன்வெர்ட்டருக்கும் வேண்டும், மின்சார வண்டி சார்ஜருக்கும் வேண்டும். நீர் புகாத மூடி முகத்தைத் துல்லியமாக மில்லிங் செய்யத் தெரிந்த ஆள் உங்களிடம் இருக்கிறார். அதற்காகத்தான் உங்களிடம் வருவார்கள். ஆட்டோமொபைல் பக்கம் போக ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தரச் சான்று கேட்பார்கள், அதற்குப் பல மாதம் ஆகும். அதனால் இன்வெர்ட்டரிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மெஷினில் ஒன்றை 600 கணக்குக்கு விடுங்கள். இன்னொன்றில் மாதிரி பீஸ் போட்டு, வரும் திங்கட்கிழமை கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த வி.எம்.சி. ஆபரேட்டரையும் கூட அழைத்துப் போங்கள்.