மதுரையிலிருந்து ஒரே நாளில் மணல்மேடும் கடலும் பார்க்க முடியுமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். நமீபியாவின் வால்விஸ் பே போன்ற கடலோரப் பாலைவன நகரங்களில் காலையில் மணல்மேடு ஏறிவிட்டு மாலையில் கடற்கரையில் உட்காரலாம் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வசதியில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு நம் பக்கத்தில் அப்படி எங்கே போகலாம்?

பதில்: திருச்செந்தூர்ப் பக்கம் போங்கள். சாமி கும்பிட மட்டுமல்ல, தேரி என்கிற செம்மணல் மேட்டைப் பார்க்க.

மதுரையில் திருச்செந்தூருக்குப் போகாத குடும்பம் அரிது. மொட்டை, காதுகுத்து, சஷ்டி விரதம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு வேன் பிடித்துப் போகிறோம். கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் குளித்து, தரிசனம் முடித்து, மதியச் சாப்பாட்டோடு வண்டியைத் திருப்பிவிடுகிறோம். கோயிலிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், காயாமொழி தாண்டியதும், செக்கச் செவேலென்று ஒரு மணற்காடு மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. அதைப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாகத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது நெடுநாளைய ஆதங்கம்.

குதிரைமொழித் தேரி என்பது அதன் பெயர். இதுபோல இடையன்குடிப் பக்கமும் சாயர்புரம் பக்கமும் வேறு தேரிகள் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்குக் குதிரைமொழிதான் வசதி. பஸ் போகும் சாலையை ஒட்டியே செம்மணல் தொடங்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்விஸ் பே பாலைவனமாக இருப்பதற்குக் காரணம் கடல். அங்கே தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர்நீரோட்டம் கரையை ஒட்டிப் போகிறது. மேலே இருக்கும் காற்று குளிர்ந்து, மூடுபனி இறங்குமே தவிர மழையாகத் திரளாது. நம் தேரியின் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே நல்ல மழை பெய்கிறது. பெய்கிற மழையை மணல் ஒரு சொட்டுக்கூட மேலே தங்கவிடாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் கண்ணுக்கு வறண்ட காடு, அடியில் தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

அந்த மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மாவு போல நைசாக இருக்கும், விரலிடுக்கில் நிற்காது. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் தண்ணீர் சிவந்து ஓடும். மணலின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரணப் படிகக்கல் துகள்தான். அதன்மேல் பூசிக்கொண்டிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் இந்தச் சிவப்பு. காற்று வரிவரியாகக் கோலமிட்டிருக்கும் இடங்களில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அவை கனமான தாதுத் துகள்கள். லேசான மணலைக் காற்று தள்ளிக்கொண்டு போக, கனமானவை பின்தங்கி அங்கே ஒதுங்கிவிடுகின்றன. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று வீட்டில் கிடந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் ஓட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் கறுப்பு மயிர் முளைத்ததுபோல ஒட்டிக்கொண்டு வரும். எந்த அறிவியல் பாடமும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாகாது.

இந்தச் செம்மணல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. மேற்கேயுள்ள செம்மண் நிலங்களிலிருந்து ஆனி, ஆடிக் காற்று வாரிக்கொண்டு வந்தது என்பது ஒன்று. கடலோர மணலே காலப்போக்கில் சிவந்தது என்பது மற்றொன்று. எப்படியானாலும் பல ஆயிரம் ஆண்டுப் பழைமை அதற்கு இருக்கிறது. இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956இல் விரிவாக எழுதினார்கள். விரல் நகம் அளவுக்குச் செதுக்கிய கற்கள் அவை. அம்பு முனையில் பதிப்பதற்கும் தோல் கிழிப்பதற்கும் அப்படிப்பட்ட கற்கள் பயன்பட்டன. மனிதர் வேட்டையாடிக் கடலோரத்தில் வாழ்ந்த இடத்தில்தான் நடக்கிறீர்கள். கூரான சில்லு ஏதாவது காலில் தட்டுப்பட்டால் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

தேரிக்குள் என்ன செய்வது என்று கேட்டால், நடங்கள். அவ்வளவுதான். நமீபியாவில் பலகையில் சறுக்குகிறார்கள், நான்கு சக்கர வண்டி ஓட்டுகிறார்கள் என்று நீங்கள் பார்த்திருக்கலாம். இங்கே அதற்கு ஆசைப்படாதீர்கள். தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு காலத்தில் காற்றடித்தால் மணல் நகர்ந்து தோட்டத்தையும் வீட்டையும் மூடியிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் உடையும் முந்திரியும் பனையும் வளர்த்து மணலைக் கட்டிப்போட்டார்கள். வண்டிச் சக்கரம் ஒரு தடவை அந்த வேரை அறுத்துவிட்டால் மணல் மறுபடி கிளம்பிவிடும். படம் எடுப்பதற்காக மேட்டின்மேல் வண்டியை ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

காலை ஒன்பது மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், வெறுங்காலை வைக்க முடியாது. உடைமுள் கிடக்கும் என்பதால் செருப்பைவிட மூடிய காலணி நல்லது. ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வேண்டும். எல்லா மேடும் ஒன்றுபோல இருப்பதால் திசை தப்புவது எளிது. சாலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நடந்தால் போதும், பிள்ளைகள் ஓடி விளையாட அதுவே தாராளம்.

தேரியின் ஓரத்தில் இரண்டு அய்யனார்கள் இருக்கிறார்கள். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகை மாதக் கடைசியில் அங்கே நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழா தென்மாவட்டம் முழுக்கப் பேர் பெற்றது. கள்ளனாகப் பாவித்து இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் விழுந்த செம்மணலைக் கூட்டம் முண்டியடித்து அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகும். இன்னொருவர் மேலப்புதுக்குடியில் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார். நான் முன்னே சொன்ன அடித்தண்ணீர் வெளியே வரும் இடம் இதுதான். சுற்றிலும் சிவந்த மணல், நடுவில் மரநிழலில் ஒரு சுனை. அழகர்மலை நூபுர கங்கையில் குளித்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு மலையில் ஊற்று வருவது புதிதல்ல. ஆனால் மணல்மேட்டின் அடியில் ஊற்று வருவதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தேரிகளுக்கு இடையே தாழ்ந்த இடங்களில் தண்ணீர் ஏரி போலத் தேங்கி நிற்பதையும் பார்க்கலாம். தருவை என்பார்கள். புத்தன்தருவை என்று ஊருக்கே அந்தப் பெயர் இருக்கிறது.

பங்குனியிலிருந்து ஆடி வரை போகிறவர்களுக்கு இன்னொரு பேறு உண்டு: பதநீர். காலையும் மாலையும் பனை ஏறி, பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார்கள். சுண்ணாம்பு இல்லையென்றால் அது புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். டம்ளரில் வாங்காதீர்கள், அந்த ஓலை மணத்தோடு குடித்தால்தான் பதநீர். சாலையோரம் விற்கிற அண்ணாச்சியிடம் பக்கத்தில் விடிலி எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையைக் காட்டுவார். பதநீர் காய்ச்சும் ஓலைக்குடில்தான் விடிலி. அங்கே பாகு பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. மதுரைக் கடையில் வாங்கும் கருப்பட்டி இப்படித்தான் பிறக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சர்க்கரை கலந்த சரக்கு எங்கும் கிடைக்கிறது. விலை மிகக் குறைவாகச் சொன்னால் வாங்காதீர்கள். பனையேறுகிறவர்களிடமோ விடிலியிலோ நேரே வாங்கினால் காசு உரியவர் கைக்குப் போகும்.

வெயில் ஏறியதும் கடலுக்கு வந்துவிடலாம். உடன்குடி, குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவைச் சொல்லவே வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இந்த ஊரருகேதான். இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவும் ராக்கெட், இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை. சின்ன ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் மிச்சம்.

மணப்பாடு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணற்குன்று. உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. குகைக்குள் ஒரு சிறு கிணறு. அலையடிக்கும் தூரத்தில் இருந்தும் அதில் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. திருச்செந்தூர் நாழிக்கிணறும் அப்படித்தான். மணலில் இறங்கிய மழைநீர் கனம் குறைந்தது. உப்புநீரின்மேல் அது தனி அடுக்காக மிதந்து நிற்கும். அளவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டி மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும். அருஞ்சுனையும் நாழிக்கிணறும் சவேரியார் கிணறும் ஒரே நாளில் பார்த்தால் இந்தக் கரையில் மனிதர் எப்படிப் பிழைத்தார்கள் என்பது விளங்கும். எனக்கு இந்தப் பயணத்தின் உயிரே அந்த மூன்று தண்ணீர்தான்.

குன்றின்மேல் நின்று ஒரு பக்கம் பார்த்தால் கடல், மறுபக்கம் கழிமுகமும் மீனவர் படகுகளும் உயரமான பழைய வீடுகளும். அலைச்சறுக்குப் பலகையோடு வருகிறவர்களை இப்போது இங்கே பார்க்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் பயிற்சியாளர் துணையோடு மட்டும் இறக்குங்கள். கழிமுகத்துக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம். அங்கே குளிக்கவே வேண்டாம். கோயிலுக்குள் போகும்போது ஈர உடையோடு போகக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெண்கள் முடையும் ஓலைப்பெட்டி கிடைத்தால் வாங்குங்கள். வாங்கிய கருப்பட்டியை வைக்க அதைவிட நல்ல பாத்திரம் இல்லை.

திரும்பும்போது மாலை வெயிலில் ஆறுமுகநேரி, தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளைக் குவியல்கள், மழைக்கு அஞ்சி அவற்றின்மேல் போட்ட ஓலை. குளிர்மாதங்களில் போனால் பூநாரைகளும் தென்படும். வால்விஸ் பேயிலும் உப்பளமும் பூநாரையும்தான் பேர்போன காட்சி. ஆக, உங்கள் கேள்வியில் இருந்தது எதுவும் இங்கே குறையவில்லை.

தனுஷ்கோடி போகலாமே என்று யாராவது சொல்வார்கள். 1964 புயல் அழித்த ஊரையும் அரிச்சல்முனையையும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மணல்மேடு ஏறுகிற ஆசை அங்கே தீராது.

இனி பயண விவரம். சொந்த வண்டி என்றால் விடிகாலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், மாலையில் நேரம் போதாது. பஸ்ஸில் என்றால் மாட்டுத்தாவணியில் முந்தைய நாள் மாலையே ஏறி, இரவு திருச்செந்தூரில் தங்கி, காலையில் ஆட்டோவோ வாடகைக் காரோ பேசிக்கொள்வது நல்லது. தேரிக்கு உள்ளே கடைகள் கிடையாது. காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். மார்கழி, தை மாதங்கள் நடைக்கு ஏற்றவை, பதநீர் வேண்டுமென்றால் பங்குனி. ஆடியில் காற்று மணலை முகத்தில் அள்ளி வீசும், சின்னப் பிள்ளைகளுக்குக் கண் தாங்காது; அந்த ஒரு மாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.