மொட்டை அடித்தும் வளராத முடி

கே: என் மகளுக்கு இரண்டு வயது. பிறந்தபோது முடி நன்றாக இருந்தது. அது உதிர்ந்தபின் முளைத்தது பின்னந்தலையில் ஒரு சென்டிமீட்டர் வளர்வதற்குள் ஒடிகிறது. பிடரியில் சொரசொரவென்று பொரிகள். இரண்டு முறை மொட்டை போட்டாயிற்று. கணவருக்கும் சிறுவயதில் இப்படித்தானாம். சலூனில் கெரட்டின் ட்ரீட்மெண்ட் செய்யலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

ப: கூடவே கூடாது. தோலுக்கு மேலே தெரிவது உயிரற்ற முடி. சலூன் கெரட்டின் அதன்மேல் பூச்சாகத்தான் நிற்கும். சில கலவைகள் சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு ஆவியையும் கக்கும். மொட்டையும் வேரைத் தொடுவதில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘மோனிலெத்ரிக்ஸ்’ என்ற பரம்பரை முடிக் கோளாறு. நுண்ணோக்கியில் முடி பாசிமணி கோத்ததுபோல் தெரியும். மணிகள் வீக்கம் அல்ல; அதுதான் முடியின் இயல்பான தடிமன். இடையிலுள்ள ஒடுக்கமே கோளாறு, ஒடிவதும் அங்கேதான்.

முடியின் கெரட்டின் இழை, இருவகைப் புரதங்கள் ஜோடி சேர்ந்து முறுக்கிய கயிறு. ஒருவகைக்கான மரபணுக்கள் 17ஆம் குரோமோசோமில், மற்றவை 12இல். அந்த 12இல் உள்ள கேஆர்டி81, கேஆர்டி83, கேஆர்டி86 ஆகிய மூன்றில் ஒன்றில் ஒரே ஒரு மரபணு எழுத்து பிசகினாலும் ஜோடி சரியாகப் பூட்டாமல் கயிறு நலிந்துவிடும். தாயும் தந்தையும் தரும் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும் என்பதால், கணவருக்கு இது இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. ஒரே வீட்டிலும் ஒருவருக்குக் கடுமையாக, இன்னொருவருக்கு லேசாக இருக்கும்.

வேரோடு தீர்க்கும் மருந்து கிடையாது. உராய்வைக் குறைப்பதே வைத்தியம்: பல் அகன்ற சீப்பு, இறுக்கிப் பின்னாமை, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, ஹேர் டிரையர் சூட்டைத் தவிர்ப்பது. தேங்காய் எண்ணெய் சிக்கெடுக்க உதவும், மரபணுவைத் திருத்தாது. மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்து சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. குழந்தைக்கு நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். பருவமடையும் வயதில் பலருக்கு ஓரளவு தேறும்.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சரும மருத்துவரிடம் காட்டுங்கள். முடியைப் பிடுங்க வேண்டியதில்லை. சருமத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மஸ்கோப்பைத் தலையில் வைத்தாலே ஒடுக்கங்கள் தெரியும். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். தலைமுடி தேறியிருந்தாலும் அவர் பிடரியில் பாசிமணி கோத்ததுபோன்ற முடி இரண்டொன்று மிச்சமிருக்கலாம்.