சோர்வு இதயத்தினாலா, மனத்தினாலா?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்று சொல்லி, ஒன்பது நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீடு திரும்பி நான்கு மாதங்களாகின்றன. விடிந்ததும் நாளிதழைத் தேடுபவர், இப்போது அதைப் பிரிப்பதே இல்லை. நான் எடுத்துக் கொடுத்தால்தான் மாத்திரை. இதய நோய் என்றால் சோர்வு இருக்கத்தான் செய்யும் என்கிறார்கள் உறவினர்கள். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா? அந்த மாத்திரைகள் இதயத்தைக் கெடுக்காதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பிரிக்காமல் கிடக்கும் அந்த நாளிதழிலிருந்தே தொடங்குகிறேன். களைப்பு, பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியவை இதயச் செயலிழப்பிலும் (உங்கள் கணவருக்குப் போல, இதயம் ரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாத நிலை) வரும், மனச்சோர்விலும் வரும் என்பதால், வீட்டார் மட்டுமின்றி மருத்துவர்களும் இரண்டாவதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். இதயம் பலவீனமானவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் நாளிதழ் புரட்ட அது பெரும்பாலும் தடையாக இராது. விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப்போவதும் மனம் வாடிக்கிடப்பதும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும். (இதை ‘மன அழுத்தம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, அழுத்தம் வேறு, சோர்வு வேறு.)

இது அரிதான நிலையன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான அலசலின்படி, இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. அவர்களுக்கு மரணமும் மீண்டும் நோய் முற்றுவதும் நேரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் எந்த நரம்புத் தூண்டுதலைத் தணிக்க ‘பீட்டா பிளாக்கர்’ என்ற இதய மாத்திரை தரப்படுகிறதோ, அதையே மனச்சோர்வு கிளப்பிவிடக்கூடும். உளைச்சலின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனும் உடலின் அழற்சியும் கூடுகின்றன. என் அனுபவத்தில் இவற்றைவிடக் கண்ணுக்குத் தெரிகிற கேடு அடுக்களையில் நடக்கிறது: மனம் விட்டுப்போனவர், தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ‘நீர் மாத்திரை’யை மறப்பார், “இனி என்ன பத்தியம்” என்று ஊறுகாயைத் தொடுவார், காலையில் எடை பார்க்க மாட்டார். மூன்றே நாளில் 2 கிலோ ஏறினால் அது உடலில் தேங்கிய நீர் என்பதைக் கவனிக்க ஆளிருக்காது.

மாத்திரை பற்றிய உங்கள் அச்சத்துக்குப் பாதி விடைதான் ஆறுதலானது. இதயச் செயலிழப்போடு மனச்சோர்வும் உள்ள 469 பேரிடம் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வில் அது இதயத்துக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் மனச்சோர்வை, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தில்லாத மாத்திரையைவிட அதிகமாகக் குறைக்கவில்லை. 2016-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் எஸ்சிட்டலோப்ராம் என்ற மற்றொரு மனச்சோர்வு மாத்திரையும் மரணத்தையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ குறைக்கவில்லை. மாறாக, 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எண்ணப்போக்கை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை மனச்சோர்வைத் தெளிவாகக் குறைத்தது. மருத்துவர் வகுத்துத் தரும் உடற்பயிற்சியாலும் ஓரளவு பயன் உண்டு. ஆகவே லேசான சோர்வுக்கு மாத்திரையிலிருந்து தொடங்க நான் சொல்ல மாட்டேன். கடுமையானதென்றால் மனநல மருத்துவர் தருவார். அப்போது அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகைகளைத் தவிர்ப்பார்கள். புதிய வகைகள் நீர் மாத்திரையோடு சேரும்போது ரத்தத்தில் சோடியம் குறையக்கூடும் என்பதால் அதற்கான பரிசோதனை அவசியம்.

எனவே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். இதய மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று கணவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. வருகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவானாலும் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.