பட்டுப்புழு முட்டை பொரியாததற்கு டியூப்லைட் காரணமா?

கேள்வி: வெள்ளைக் கூடு கட்டும் வெண்பட்டு இரட்டைக் கலப்பினப் புழுக்களை வளர்க்கிறேன். கழித்து ஒதுக்கிய சில கூடுகளிலிருந்து அந்துப்பூச்சிகள் வெளிவந்து தாளில் முட்டையிட்டன. மஞ்சளாக இருந்த முட்டைகள் மூன்றே நாளில் கறுத்துவிட்டன. ஒரு மாதமாகியும் பொரியவில்லை. வளர்ப்பு மனையில் இரவெல்லாம் டியூப்லைட் எரிந்ததுதான் காரணமா? இவற்றைப் பொரிக்க வைத்து வளர்க்கலாமா?
– ஒரு விவசாயி, உடுமலைப்பேட்டை

பதில்: டியூப்லைட்டின் மேல் பழி போட வேண்டாம். முட்டைகளும் சாகவில்லை. கருவுறாத முட்டை என்றால் மஞ்சளாகவே இருந்து, நடுவில் குழிந்து வற்றிப்போகும். உங்களுடையவை பழுப்பாகிக் கறுத்திருப்பதால், உள்ளே கரு வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்குகிறது என்று பொருள்.

இந்த உறக்கத்தை முடிவு செய்தது தாய். அதுவும் அந்துப்பூச்சியாகவோ புழுவாகவோ இருந்தபோது அல்ல. தாயே ஒரு முட்டைக்குள் கருவாக இருந்தபோது! அப்போது பட்ட வெப்பமும் வெளிச்ச நேரமும் அதன் உடலில் பதிந்துவிடுகின்றன. கோகுரே என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1933-இல் இதை விரிவாக எழுதினார். முட்டைகளை 25 டிகிரி செல்சியஸில் நீண்ட நேர வெளிச்சத்தில் அடைகாத்தால், அவற்றிலிருந்து வளரும் தாய்கள் உறங்கும் முட்டை இடும். 15 டிகிரியில் இருட்டில் அடைகாத்தால் உறங்காத முட்டை இடும். தாய் கூட்டுப்புழுவாக இருக்கும்போது, உணவுக்குழலுக்குக் கீழே உள்ள நரம்பு முடிச்சிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து முட்டைகளுக்குள் சென்று உறக்கத்தை ஏற்படுத்துகிறது. ஆகவே தாய் கருவாக இருந்த முட்டை உங்கள் மனைக்குப் புழுவாக வருமுன்பே, இளம்புழுக்களை வளர்த்துத் தரும் மையத்துக்கும் வருமுன்பே பாதி விஷயம் முடிந்துவிட்டது.

குளிர்நாட்டில் இது நல்ல ஏற்பாடு. இளவேனிலில் பகல் குறைவு, குளிரும் உண்டு. அப்போது கருவாக இருந்தவை உடனே பொரியும் முட்டை இடும். கோடையில் நீண்ட பகலில் கருவாக இருந்தவை, வரப்போகும் பனிக்காலத்தைத் தாங்கும் முட்டை இடும். உடுமலையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள்தான். ஆனால் நம் வெப்பத்தைக் கண்டு பூச்சி கோடை என்றே எடுத்துக்கொள்கிறது. மைசூர் மஞ்சள் கூடு போன்ற, ஆண்டுக்குப் பல தலைமுறை காணும் பல சந்ததி இனங்களுக்கு இந்த உறக்கமே கிடையாது.

பொரிக்க வைக்க வழி உண்டு, ஆனால் உங்களுக்கு அல்ல. முட்டையிட்டு ஒரு நாளுக்குள், சுமார் 46 டிகிரிக்குச் சூடாக்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் நனைத்தால் உறக்கம் நின்றுவிடும். பட்டுப்புழு முட்டைகளை உற்பத்தி செய்யும் நிலையங்களான வித்தகங்களில் செய்வது அதைத்தான். ஒரு மாதம் கடந்த முட்டைக்கு அது பலிக்காது. அதற்கு 5 டிகிரியில் மாதக்கணக்கில் குளிர் வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் முயன்றால் பாதி பொரியும், பாதி பொரியாது, பொரிவதும் ஒரே நாளில் பொரியாது.

வெற்றி பெற்றாலும் வளர்க்காதீர்கள். கலப்பினத்தின் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறும். ஒரே தட்டில் சில புழு தோலுரிக்கும், சில இன்னும் தின்றுகொண்டிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து பெப்ரின் என்ற பட்டுப்புழு நோய். அது தாயிடமிருந்து முட்டை வழியாகவே வருகிறது. வித்தகத்தில் தாய்ப்பூச்சிகளை நுண்ணோக்கியில் பார்த்து, நோயில்லாதவற்றின் முட்டைகளை மட்டும் தருகிறார்கள். உங்கள் பூச்சிகளை யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தாளை முட்டைகளோடு எரித்துவிடுங்கள். பூச்சிகள் கிடந்த இடத்தைக் கிருமிநாசினியால் கழுவுங்கள். பூச்சி துளைத்த கூடுகளில் நூல் எடுக்க முடியாது; கழிவுப் பட்டாக விற்கலாம்.